தலைவர்கள் தைத்த காலணிகள்

தோல் தைப்பதை இழிதொழிலென உயர்குடியினர் ஒதுக்கிய காலத்தில், அதனை விரும்பிக் கற்றோரும் உளர். ரஷ்யப் பேரறிஞர் டால்ஸ்டாய் 1880களில் செம்மான் ஒருவரிடம் பயின்று, நண்பர்க்குத் தம் கையாலேயே காலணி தைத்தளித்தார். அவர் பெயரால் 1910இல் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளும் காலன்பாக்கும் பண்ணையொன்றை அமைத்தனர். மரியான்ஹில் துறவிமடத்தில் செருப்புத் தைக்கக் கற்றுவந்தார் காலன்பாக். அவரிடம் காந்தியடிகளும், அடிகளிடம் பண்ணைத் தோழரும் கற்றனர். அப்பண்ணையில் வாழ்ந்தோருள் தமிழரும் பலர்.

சிறையில் தாம் தைத்த செருப்பிணை ஒன்றை, தம்மைச் சிறையிட்ட அரசின் அமைச்சரான ஸ்மட்ஸுக்கே காந்தியடிகள் 1914இல் அன்பளிப்பாக்கினார். பல கோடைகளில் அதனை அணிந்த ஸ்மட்ஸ், 1939இல் அடிகளின் எழுபதாம் பிறந்தநாளையொட்டித் திருப்பியனுப்பினார். இழிந்ததெனப்பட்ட கைத்தொழிலே இருவரின் பகையையும் கடந்து நின்றது.