மூர் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில்

நான் நம் கல்லூரியில் படித்த நாட்களில், பழைய பாடப் புத்தகம் வேண்டுமென்றால் மூர் மார்க்கெட்தான் கதி. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடப்போம். வழியில், வெள்ளை ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் செங்கல் சிவப்பில் ஒரு கட்டடம். மூன்று வருஷம் அதைக் கடந்து போனேன். "இது என்னப்பா?" என்று ஒருவரையும் கேட்டதில்லை.

அதுதான் டவுன் ஹால் என்கிற விக்டோரியா பப்ளிக் ஹால். நகரப் பெருமக்கள் நன்கொடை போட்டு எழுப்பியது. 1883-இல் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். இந்தோ-சாரசெனிக் பாணியில் வரைந்தவர் ராபர்ட் சிஷோம். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். கோபுரக் கூரையைப் பாருங்கள், கேரளச் சாயல் தெரியும். 1887-இல் வந்த விக்டோரியா மகாராணியின் பொன்விழாவே பெயருக்குக் காரணம்.

1897-இல் விவேகானந்தர் இங்கே பேசினார். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபை இங்கே நாடகங்கள் போட்டது. பம்மல் வேறெங்கோ இல்லை, நம்ம பல்லாவரத்துக்குப் பக்கம்தான்!

மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாயிற்று. ஹாலோ பல வருஷம் பூட்டிக் கிடந்தும், மாநகராட்சி செய்த சீரமைப்பால் பிழைத்தது. இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, சென்ட்ரல் பக்கம் போனால் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். நான் கேட்காமல் விட்டதை நீங்களாவது கேளுங்கள்.