கேம்பர்வேன் வெந்நீர்க் கலன்

பயண வண்டியில் குளிக்க நீர் சூடாக்கும் சாதனம். மின்சாரம், எரிவாயு இரண்டிலும் இயங்கும் வகையும் உண்டு. 22 லிட்டர் நீரை 27 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்ற, 1.4 கிலோவாட் மின்சுருளுக்குக் குறைந்தது 36 நிமிடம் வேண்டும். அம்பாங் வீட்டுக் குளியலறை ஹீட்டர் இழுக்கும் 3.6 கிலோவாட்டை வண்டி பேட்டரியிடம் எதிர்பார்ப்பது பேராசை. பிளக் வசதியுள்ள முகாமில் மின்சாரமே வசதி. உலு லங்காட் ஆற்றோரத்தில் கேஸ்தான் கைகொடுக்கும்.

மலேசியக் கேஸ் தோம்பில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் கலவை. பியூட்டேன் பூஜ்யப் பாகைக்குச் சற்றுக் கீழே ஆவியாகாது என்பதால் குளிர்நாட்டார் தனிப் புரோப்பேனை நாடுகின்றனர். கேமரன் மலையில்கூட நமக்கு அந்தக் கவலையில்லை. ஆனால் எரிவாயுவில் இயங்கும் வெந்நீர்க் கலனின் புகைபோக்கி வண்டிக்கு வெளியே திறந்திருக்க வேண்டும். அடைபட்டால் உள்ளே சேரும் கார்பன் மோனாக்சைடு வாசனையற்றது, உயிரைப் பறிப்பது.