போருக்குப் போனவன் ஒருத்தன், வரி கட்டினவன் ஒருத்தன்

எங்க கரிசல் பக்கத்துப் பருத்தி வரலாற்றைப் படிக்கப் போனால் 1861-ல் போய் நிற்க வேண்டியிருக்கும். அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்டன. தெற்கத்தித் துறைமுகங்களை லிங்கன் அடைத்தார். லங்காஷயர் மில்லுக்குப் பஞ்சு போகவில்லை. திருநெல்வேலிப் பருத்தி விலை எகிறியது. இதை நம்ம பக்கம் பலரும் எழுதிவிட்டார்கள். நான் அந்தப் போரைப் பற்றித் துருவிக்கொண்டே போனதில் வேற ஒரு விஷயம் பிடிபட்டது. வடக்கே இருந்த சம்சாரிகள் போட்ட வரிச் சண்டை.

ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவது பட்டணத்து ஆட்களுக்கும் தெரிந்திருக்கும். அங்கே ஊர்க்கூட்டம் போட்டு, பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வரி போட்டார்கள்.

1861 ஏப்ரலில் லிங்கன் 75,000 பேர் கேட்டார். மூணு மாசத்துக்குத்தான். இளவட்டங்கள் கொட்டு முழக்கத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். போர் நீண்டது, சாவுச் செய்தி வர ஆரம்பித்தது, உற்சாகம் வடிந்தது. 1862 கோடையில் மூணு லட்சம், அடுத்த மாசமே இன்னொரு மூணு லட்சம் கேட்டபோது ஆள் தானாக வரவில்லை. அப்பத்தான் ஊர்கள் பணத்தை எடுத்து வெளியே வைத்தன. 'எங்க ஊர்க் கணக்கில் சேர்ந்தால் இவ்வளவு.' இதற்குப் பேர் பவுண்டி.

ஏன் ஊர் கொடுக்கணும்? அங்கேதான் சூட்சுமம். அரசாங்கம் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கோட்டா வைத்தது. 1863 மார்ச்சில் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தது. 20 வயசிலிருந்து 45 வரைக்கும் ஆண்கள் பெயர் எழுதப்பட்டது. கோட்டாவைத் தன்னார்வலர்களை வைத்து நிரப்பிவிட்டால் அந்த ஊரில் குலுக்கல் கிடையாது. நிரப்பாவிட்டால் சீட்டு எடுப்பார்கள். பெயர் வந்தவன் போகணும், இல்லை பதிலாள் கொடுக்கணும், இல்லை 300 டாலர் கட்டணும். சிப்பாய்க்கு மாசச் சம்பளம் 13 டாலர் என்பதோடு வைத்துப் பாருங்க. அந்த 300 டாலர்தான் 1863 ஜூலையில் நியூயார்க்கைப் பற்ற வைத்தது. நாலு நாள் கலவரம், நூறு பேருக்கு மேல் செத்தார்கள், கறுப்பின மக்களைத் தேடித் தேடி அடித்தார்கள். ஏழை தன் உசுரைக் கொடுக்கணும், பணக்காரன் பணத்தைக் கொடுத்தால் போதும் என்ற கோபம், அதற்குச் சம்பந்தமே இல்லாதவன் தலையில் விடிந்தது.

ஆக, பவுண்டி என்பது சிப்பாய்க்குக் கொடுத்த மரியாதை மட்டும் இல்லை. ஊரில் மிச்சம் இருப்பவன் தப்பிப்பதற்குக் கட்டிய கட்டணமும்தான். அந்தக் கட்டணத்தை வரியாக யார் கட்டியது? பெரும்பாலும் நிலம் வைத்திருந்தவன். ரொக்கத்தையும் பத்திரத்தையும் பெட்டிக்குள் மறைக்கலாம். காட்டை மடியில் கட்டிக்கொண்டு ஓட முடியாது. ஊர்க்கூட்டத்தில் கை தூக்கிய இளவட்டத்துக்குச் சொத்து இருக்காது, குலுக்கல் பயம் இருக்கும். நிலம் வைத்திருந்த விதவைக்குக் குலுக்கலும் இல்லை, ஓட்டும் இல்லை. வரி மட்டும் உண்டு.

சரி, ஒரு ஊர் 'நாங்க போடமாட்டோம்' என்று நின்றிருக்கக் கூடாதா? முடியாது. பக்கத்து ஊர் அதிகமாகக் கொடுத்தால் உன் ஊர்ப் பையன் அங்கே போய்ப் பேர் கொடுப்பான். அவன் அந்த ஊர்க் கணக்கில் ஏறுவான். உன் ஊர்க் கோட்டா அப்படியே நிற்கும், ஆள் மட்டும் குறைந்திருக்கும். அறுப்புக் காலத்தில் அடுத்த ஊர்க்காரன் கூலியைக் கூட்டி நம்ம ஆட்களை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏலம் ஏறியது. 1864-ல் மத்திய அரசு, மாநிலம், ஊர் என்று எல்லாம் சேர்ந்து சில இடங்களில் ஆயிரம் டாலரைத் தாண்டியது. நடுவில் புரோக்கர்கள் முளைத்தார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிப்போய் வேற ஊரில் வேற பேரில் சேர்பவர்களும் முளைத்தார்கள். ஆல்பனியில் பிடிபட்ட ஒருவன் 32 தடவை அப்படிச் செய்ததாக ஒப்புக்கொண்டான். உள்ளூர் பவுண்டி மட்டுமே 28 கோடி டாலருக்கு மேல் என்பது போருக்குப் பின் அரசாங்கம் போட்ட கணக்கு.

கையில் அவ்வளவு காசு ஏது? கடன் பத்திரம் போட்டார்கள். 1861-ல் பெரிய பவுண்டி எதுவும் வாங்காமல் போனவன் உசுரோடு திரும்பி வந்து, தனக்குப் பின்னால் நூற்றுக்கணக்கில் வாங்கிப் போனவனுக்கான கடனைத் தன் நிலத்து வரியில் அடைத்தான். எனக்கு இதில் மனசு ஆறவே மாட்டேங்குது.

எதிர்த்தவர்களை எல்லாம் தெற்கத்தி ஆள், தேசத் துரோகி என்று ஒதுக்கினார்கள். போரை வெறுத்தவர்களும் அதில் இருந்தார்கள்தான். ஆனால் வழக்காகப் போனபோது அவர்கள் கேட்டது வேற கேள்வி: போர் நாட்டோட காரியம், அதற்கு வரி போட ஊருக்கு என்ன அதிகாரம்? இது பழைய கேள்வி. 1812 போர்க் காலத்தில் மாசசூசெட்ஸின் ஃபேர்ஹேவன் ஊர், ஊர்க்காவல் படைக்கு அதிகச் சம்பளம் கொடுக்க வரி போட்டது. ஸ்டெட்சன் என்பவர் வழக்குப் போட்டார். 1816-ல் அவர் ஜெயித்தார். பள்ளிக்கூடம், ஏழைகளைப் பராமரிப்பது போன்றவை ஊரின் வேலை, நாட்டைக் காப்பது அரசாங்கத்தின் வேலை என்றது நீதிமன்றம். அதனால்தான் உள்நாட்டுப் போரில் மாநிலச் சட்டசபைகள் ஊர்களுக்கு அனுமதி கொடுத்துத் தனிச் சட்டங்கள் போட்டன. ஏற்கெனவே போட்ட வரியைச் செல்லும் என்று பின்னால் சொல்லிய சட்டங்களும் உண்டு.

பென்சில்வேனியாவில் கூத்து என்னவென்றால், இந்த வரியைப் பள்ளி நிர்வாகிகளே போட்டார்கள். வரி வசூலிக்கும் ஏற்பாடு அவர்கள் கையில் இருந்தது. பிளேர்ஸ்வில் ஊரில் ஒருத்தர் வழக்குப் போட்டுத் தோற்றார். குலுக்கல் வந்தால் ஊரே அடிபடும், ஆகவே அதைத் தடுப்பது ஊர்ப் பொதுக் காரியம்தான் என்றார்கள். கனெக்டிகட்டிலும் விஸ்கான்சினிலும் இதே மாதிரித் தீர்ப்பு. ஆனால் அதே பென்சில்வேனியாவில் ஹாலிஃபாக்ஸ் என்ற ஊர் விவகாரம் வேற மாதிரிப் போனது. குலுக்கலுக்குப் பயந்தவர்கள் தாங்களே சங்கம் வைத்துப் பணம் போட்டிருந்தார்கள். பின்னால் அதை ஊர் வரியிலிருந்து திருப்பித் தர ஒரு சட்டம் வந்தது. செல்லாது என்றது நீதிமன்றம். திருப்பித் தருவதாக அப்ப ஊர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையே! இந்தக் கோடு எனக்கு நியாயமாகவே படுகிறது.

கென்டக்கி வழக்கு இன்னும் ருசி. 1866-ல் அந்த மாநில நீதிமன்றம் இப்படிப்பட்ட வரிச் சட்டத்தையே செல்லாது என்றது. குலுக்கலில் வரக்கூடியவனின் பாரத்தை வராதவன் தலையில் ஏற்றுகிறது என்பது காரணம். வரி கட்ட வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டவர்களில், அந்தச் சட்டம் வேணும் என்று கேட்டு, அதைக் காட்டிக் கடன் திரட்டி, குலுக்கலிலிருந்து தப்பித்தவர்களும் இருந்தார்கள். வழக்கு மறுபடி வந்தது. 1869-ல் அதே நீதிமன்றம் அவர்களைப் பார்த்துச் சொன்னது: சட்டம் செல்லாதுதான், ஆனால் நீங்கள் கேட்டு வாங்கிப் பலனும் அனுபவித்துவிட்டீர்கள், ஆகவே நீங்கள் கட்டியே ஆகணும்.