ஒரு பிடி அரிசியும் தாம்பரம் மாநாடும்

குரோம்பேட்டை ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே சென்றால் அஸ்தினாபுரம். தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காக வந்து குடியேறியவர்கள் இப்பகுதியில் மிகுதி. நம் குழுவைச் சேர்ந்த நண்பர் ஒருவரின் வீடும் அங்கேதான். அவ்வீட்டுச் சமையலறையில் அரிசி வாளிக்குப் பக்கத்தில் சிறிய டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். உலை வைக்கும்போது அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து, நண்பரின் தாயார் அந்த டப்பாவில் போடுவார். மாதம் ஒருமுறை அது கோவிலுக்குப் போகும் (தென்தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர் வழக்கில் தேவாலயமும் கோவில்தான்). எதற்கு அம்மா இது என்று கேட்டதற்கு, "ஊழியத்துக்கு. எங்கம்மா போட்டாங்க, நானும் போடுறேன்" என்றார். அதற்கு மேல் விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை. நமக்குத் தேவைப்பட்டது. அந்தத் தேடலில் கிடைத்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

மதமாற்றம் நன்றா தீதா என்னும் வழக்கை இக்கட்டுரை எடுத்துக்கொள்ளவில்லை. சமயப் பணிகளின் வரலாறு பெரும்பாலும் போனவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. அனுப்பியவர்கள் யார், எதைக் கொடுத்து அனுப்பினார்கள், அந்தக் கொடை கொடுத்தவர்களை என்னவாக மாற்றியது என்பனவே நம் கேள்விகள்.

1706இல் சீகன்பால்கும் புளூட்சாவும் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது அவர்களை அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். ஆனால் அப்பணி நிலைத்து நின்றது அரசரின் கருவூலத்தால் மட்டுமன்று. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்த பிராங்கே என்னும் போதகர், தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் 1710 முதல் தொடர்ந்து அச்சிட்டு வெளியிட்டார். ஹாலே அறிக்கைகள் என்று இன்று ஆய்வாளர்கள் தேடிப் படிக்கும் ஆவணங்கள் இவையே. தமிழகத்தின் சாதி, சடங்கு, மருத்துவம், நூல்கள் ஆகியவற்றைப் பற்றி ஐரோப்பிய நடுத்தரக் குடும்பங்கள் முதன்முதலில் விரிவாகப் படித்தது அவற்றில்தான். படித்தவர்கள் காசு அனுப்பினார்கள். இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறி வந்தது. ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. தமிழ் அச்சு வரலாற்றின் இந்த முக்கியமான அத்தியாயத்துக்குப் பின்னால், தமிழகத்தைக் கண்ணால் காணாத வாசகர்களின் சில்லறைக் காசுகள் இருக்கின்றன என்பதை இலக்கிய வாசகர்களாகிய நாம் நினைவில் கொள்ளத்தான் வேண்டும்.

இங்கிலாந்திலும் தொடக்கம் எளியதே. 1792 அக்டோபர் 2ஆம் நாள் கெட்டரிங் என்னும் சிற்றூரில் ஒரு வீட்டில் கூடிய சிலர், தாங்கள் தரப்போகும் தொகையைச் சீட்டுகளில் எழுதி ஒரு மூக்குப்பொடி டப்பாவில் போட்டனர். கூட்டிப் பார்த்தபோது 13 பவுன், 2 ஷில்லிங், 6 பென்ஸ் தேறியது. செருப்புத் தைத்த வில்லியம் கேரி இந்தியாவுக்குப் புறப்பட்டது இந்தத் தொடக்கத்திலிருந்துதான். பின்னாளில் அவர் நிலைகொண்ட இடம் வங்காளத்தின் செராம்பூர். இந்த ஊர்ப்பெயர் மீண்டும் வரும்.

இவ்வளவும் அங்கிருந்து இங்கு வந்த கொடை. பெறுகிறவர்கள் கொடுக்கிறவர்களாக மாறியது எப்போது? அதற்குத் திருநெல்வேலிக்குப் போகவேண்டும். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், துன்புறுத்தப்பட்ட புதுக் கிறிஸ்தவர்கள் குடியேற நிலம் வாங்குவதற்காக 1830இல் தர்ம சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். சபையார் தங்களுக்குள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ள அமைத்துக்கொண்ட ஏற்பாடு அது. பிற்காலத்தில் அறுப்பின் பண்டிகை வேரூன்றியது. முதல் நெற்கதிர், முதல் வாழைத்தார், முதல் முட்டை, வெடைக்கோழி என்று வீட்டில் விளைந்ததையும் வளர்த்ததையும் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். நான்கு ரூபாய்ப் பொருளை நாற்பது ரூபாய்க்குக் கேட்கும் உற்சாகம் அந்த ஏலத்தில் உண்டு. விலைக்காக வாங்கும் ஏலம் அன்று அது. கொடுப்பதற்காகவே வாங்கும் ஏலம்.

ஆயினும் இவை பெரும்பாலும் தம் ஊருக்கும் தம் மக்களுக்கும் உரியவை. தம் மொழி வழங்காத நிலத்துக்குத் தாமே ஆள் அனுப்பலாம் என்ற எண்ணத்தைத் தூண்டியதில் யாழ்ப்பாணத்துக்குப் பெரும்பங்கு உண்டு. வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகருக்கு 1874இல் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, ஒய்.எம்.சி.ஏ.வின் செயலாளராக 1902இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் செலவில் கடல் கடந்து தமிழகத்தில் பணி நடத்தி வருவதைக் கண்டார். எண்ணிக்கையில் யாழ்ப்பாணத்தைவிடப் பன்மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபை அவ்வாறு எதுவும் செய்யவில்லையே என்னும் வெட்கம் அவரைத் தொட்டது. 1903 பிப்ரவரி 12ஆம் நாள் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவானது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. அவர்கள் தேர்ந்தெடுத்த களம் நிஜாம் ஆட்சிக்குட்பட்ட ஹைதராபாத் சமஸ்தானத்தின் தோர்ணக்கல். தெலுங்கைப் புதிதாகக் கற்று, மாலர், மாதிகர் ஆகிய ஒடுக்கப்பட்ட மக்களிடையே வாழவேண்டிய இடம் அது. பாளையங்கோட்டையிலிருந்து பார்த்தால் அதுவும் ஓர் அயல்நாடுதான்.

இரண்டாண்டுகள் கழித்து, 1905 கிறிஸ்துமஸ் நாளன்று, கேரியின் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது. அசரியாவும் கே.டி.பாலும் அதன் தூண்கள். மூக்குப்பொடி டப்பாவுக்கு 113 ஆண்டுகளுக்குப் பின், பணம் பெற்ற நாட்டார் தம் பணத்தில் தாமே இயங்குவோம் என்று அதே ஊரில் முடிவெடுத்தனர். வங்கப் பிரிவினைக்கு எதிராகச் சுதேசி இயக்கம் கிளர்ந்தெழுந்த ஆண்டும் அதுவே. காலத்தின் காற்று கோவிலுக்குள்ளும் வீசியது.

பணம் எங்கிருந்து வந்தது? செல்வந்தர் சிலர் இருந்தனர். ஆனால் சபையாரில் பெரும்பாலோர் பனையேறிகள், சிறு உழவர்கள், கூலிக்காரர்கள். காசு அவர்கள் கையில் எப்போதாவதுதான் புழங்கும். அதுவும் ஆண்களின் கையில். பெண்ணின் கையில் நாள்தோறும் புழங்கியது அரிசியும் தானியமுமே. பிடி அரிசியின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்காமல், கணவனின் மடியை எதிர்பாராமல், தன் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒரே இடமான அடுப்படியிலிருந்து ஒரு பெண் கொடுக்கக்கூடிய கொடை அது. மீந்த சோற்றை எடுத்துக் கொடுப்பதும் அன்று. உலையில் இடுவதற்கு முன்பே எடுப்பது. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அன்று ஒரு கவளம் குறைத்து உண்கிறார்கள் என்பதே அதன் பொருள்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு பிடி ஏறத்தாழ 30 கிராம். நாளைக்கு இரு வேளை என்றால் மாதத்துக்கு 1,800 கிராம். 100 வீடுகள் சேர்ந்தால் 180 கிலோ. எந்த வீட்டுக்கும் பாரம் தெரியாது, சேர்த்தால் மூட்டைகள். சபையில் கொட்டி, அளந்து, விற்று, தொகையைப் பணிக்கு அனுப்புவார்கள். வாங்கிச் சமைப்பவரும் பெரும்பாலும் அதே சபையின் ஏழைகள்தாம்.

இது ஒரு சமயத்தாருக்கே உரிய வழக்கம் என்று கருதவேண்டியதில்லை. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி ஊக்குவித்த பிடி அரிசித் திட்டத்தை வாசகர்களில் பலர் அறிவார்கள். கேரளச் சபைகளில் இதற்குப் பிடியரி என்றே பெயர். மிசோரத்தில் 1910இல் தொடங்கிய 'பூஃபாய் தம்' என்னும் கைப்பிடி அரிசிக் காணிக்கை, அங்குள்ள பிரெஸ்பிட்டேரியன் சபையின் பணிகளுக்கு இன்றளவும் பெரும் ஆதாரம். அரிசி உண்ணும் நிலங்களில் கொடையின் அலகு கைப்பிடியாக அமைந்தது இயல்பே.

அசரியா 1909இல் தாமே தோர்ணக்கலுக்குச் சென்றார். 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் பேராயராக அருட்பொழிவு பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர். இடையில் 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அவர் ஆற்றிய உரை சபையைத் திடுக்கிட வைத்தது. நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், ஆனால் எங்களை நண்பர்களாக ஏற்கவில்லை என்பதே அதன் சாரம். கிட்டத்தட்ட 1,200 பேர் கூடிய அந்த மாநாட்டில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அதைச் சொல்லும் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறோம். தம் மக்களின் அரிசியைக் கொண்டு ஒரு பணியை ஏழாண்டுகள் நடத்திக் காட்டிய பின்பே அவர் அந்த மேடையில் நின்றார்.

வெளிப்பணம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை முதல் உலகப்போர் காட்டியது. தரங்கம்பாடி மரபில் வந்த லைப்சிக் மிஷனின் ஜெர்மானியர்கள் வெளியேற நேர்ந்தது. சுவீடன் சபை கைகொடுத்தது. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையாக உருப்பெற்றது.

இனித் தாம்பரத்துக்கு வருவோம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்தின் காட்டுநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. மறு ஆண்டு டிசம்பர் 12 முதல் 29 வரை அங்கே சர்வதேச மிஷனெரி மன்றத்தின் உலக மாநாடு கூடியது. சீனாவின் ஹாங்சௌ நகரில் நடந்திருக்க வேண்டியது அது. ஜப்பானியப் படையெடுப்பால் இங்கு மாற்றப்பட்டது. ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து 471 பேர் வந்திருந்தனர். போரிட்டுக்கொண்டிருந்த சீனர்களும் ஜப்பானியர்களும் ஒரே வளாகத்தில் இருந்தனர். ஜப்பானின் ககாவா, சீனாவின் டி.சி.சாவ், இலங்கையின் டி.டி.நைல்ஸ் ஆகியோர் வந்திருந்தனர். பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற தென்னாப்பிரிக்காவின் ஆல்பர்ட் லுத்துலியும் அவர்களுள் ஒருவர். ஆசிய, ஆப்பிரிக்க, தென்னமெரிக்கச் சபைகளின் பேராளர்கள் ஏறத்தாழப் பாதி. எடின்பரோவிலிருந்து தாம்பரம் வரை உலகம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதற்கு இந்த எண்ணிக்கையே சான்று.

தாம்பரம் மாநாடு என்றவுடன் அறிஞர்கள் பேசுவது கிரேமரின் நூலைப் பற்றியும், அதை மறுத்த சென்னைச் சிந்தனையாளர்களைப் பற்றியும்தான். செஞ்சையா, பின்னாளில் சென்னை மேயரான சக்கரை, திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தின் ஏசுதாசன் உள்ளிட்டோர் அந்த ஆண்டே ஒரு கட்டுரைத் தொகுதியை வெளியிட்டிருந்தனர். இந்தியாவுக்குத் தேவை கிறிஸ்துவா, அல்லது மேற்கத்திய வடிவில் இறக்குமதியான நிறுவனமா என்று அவர்களில் முதன்மையானோர் கேட்டனர். ஆனால் அதே மாநாட்டில், மெர்ல் டேவிஸ் தலைமையில் நடந்த ஆய்வுகளை முன்வைத்து, சபையின் பொருளாதார அடித்தளம் பற்றியும் நீண்ட விவாதம் நடந்தது. மாநாட்டுக்குப் பின் வெளிவந்த ஏழு தொகுதிகளில் ஒன்று முழுக்க அதைப் பற்றியது. பணக்கார நாட்டின் அளவில் தைத்த சட்டையை ஏழை நாட்டின் சபைக்கு அணிவித்துவிட்டோம் என்பதே பிரச்சினை. கட்டடமும் பள்ளியும் சம்பளமும் வெளிப்பணத்தில் எழுந்தால், அவற்றைக் காக்கும் வலிமை உள்ளூராருக்கு எப்படி வரும்?

மாநாட்டுக்குச் சற்றுமுன் காந்தியடிகளைச் சந்தித்த ஜான் மாட்டிடம் அவரும் இதைத்தான் வேறு கோணத்தில் கூறியிருந்தார். தேவைக்கு மேல் பணம் வைத்திருக்கும் சமய நிறுவனம் கடவுள்மீதான நம்பிக்கையை இழந்துவிடும் என்பது அவர் எச்சரிக்கை. மதமாற்றத்தைப் பற்றி அசரியாவுக்கும் காந்தியடிகளுக்கும் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அயல் பணத்தைப் பற்றிய ஐயத்தில் இருவரும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

மாநாடு முடிந்து எட்டாம் நாள், 1939 ஜனவரி 6இல், தோர்ணக்கல் பேராலயம் அர்ப்பணிக்கப்பட்டது. கோவில் மண்டபத் தூண்களையும் மசூதியின் குவிமாடங்களையும் நினைவூட்டும் கட்டடம் அது. அவ்வாண்டு செப்டம்பரில் மீண்டும் உலகப்போர். ஜெர்மானிய மிஷன்கள் மீண்டும் அநாதையாயின. தாம்பரத்தில் ஏற்பட்ட உறவுகள், அவற்றைத் தாங்கும் நிதி திரட்டலுக்கு உதவின.

பிடி அரிசியைப் புனிதமாக்கிவிடவும் நாம் விரும்பவில்லை. தோர்ணக்கல் திருமண்டலம் விரிந்தபோது ஆங்கிலேய மிஷன்களின் பகுதிகளும் இணைந்தன. வெளிநிதி முற்றிலும் நீங்கவில்லை. கொடுத்த பெண்களுக்கு, அந்த நிதியை நிர்வகித்த குழுக்களில் நெடுங்காலம் இடமில்லை. தெலுங்கு நாட்டில் ஒடுக்கப்பட்டோரிடையே பணி செய்ய ஆள் அனுப்பிய சபைகள், தம் ஊரில் சாதியைக் கடந்துவிட்டன என்றும் சொல்லமுடியாது. தூரத்துப் பணிக்குக் கொடுப்பது சில வேளைகளில் பக்கத்துத் தெருவைப் பாராமல் இருப்பதற்கு வசதியான வழியாகவும் ஆகிவிடும். உள்ளூர்ப் பணியா உலகப் பணியா என்ற கேள்விக்குப் பின்னால் இந்தச் சங்கடம் எப்போதும் இருக்கிறது.

இருந்தாலும் ஒன்று உறுதி. கொடுக்கத் தொடங்கியவர் கேள்வி கேட்கத் தொடங்குகிறார். எங்கே போகிறது, யார் போகிறார், அங்கே என்ன மொழி என்று விசாரிக்கிறார். வெள்ளாளன்விளையையும் அதைப் போன்ற சிற்றூர்களையும் தாண்டாத பெண்களுக்குத் தோர்ணக்கல் என்னும் ஊர்ப்பெயர் பழகிப்போனது இப்படித்தான். ஹாலேயின் வாசகர்களுக்குத் தரங்கம்பாடி பழகியதும் இப்படியே.

அஸ்தினாபுரத்து அம்மாவிடம் தாம்பரம் மாநாட்டைப் பற்றிச் சொன்னோம். இவ்வளவு பக்கத்திலா என்று வியந்தார். பிறகு, அரிசியைப் பற்றி அங்கே பேசினார்களா என்று கேட்டார். ஒரு முழுத் தொகுதி அளவுக்குப் பேசினார்கள், உங்களைப் போன்ற பெண்களின் கையில் நின்ற விஷயம்தான் அது என்றோம். சிரித்துவிட்டு எழுந்துபோனார். உலை வைக்கும் நேரமாகிவிட்டது.