சமச்சீர்க் கல்வி வழக்கும் தமிழகப் பள்ளிப் பாடநூலும் (2010–2012)

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2010 வரை மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு பாடத்திட்டங்கள் வழக்கில் இருந்தன. பூந்தமல்லியை அடுத்த கரையான்சாவடி போன்ற சென்னைப் புறநகர்களில் அண்டை வீட்டுப் பிள்ளைகள்கூடப் பள்ளியின் வகைக்கேற்ப வேறுவேறு நூல்களைப் பயின்று, பத்தாம் வகுப்பில் வேறுவேறு பொதுத்தேர்வுகளை எழுதினர். இவ்வேறுபாட்டை ஆராய 2006இல் ச. முத்துக்குமரன் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தொடர்ச்சியாக 2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. முதல், ஆறாம் வகுப்புகளுக்கு 2010–11இலும் ஏனையவற்றுக்கு 2011–12இலும் பொதுப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வரும் என்பது அதன் ஏற்பாடு.

தனியார் பள்ளிகள் வழக்குத் தொடுத்தன. சில பிரிவுகளை ஏற்காத சென்னை உயர் நீதிமன்றம், சட்டத்தின் மையக் கூற்றை 2010 ஏப்ரலில் நிலைநிறுத்தியது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை.

2011 மே மாதம் ஆட்சி மாறியது. பாடநூல்களின் தரம் போதாது என்று கூறிய புதிய அரசு, நாள் எதுவும் குறிக்காமல் திட்டத்தைத் தள்ளிவைக்கும் திருத்தச் சட்டத்தை ஜூனில் நிறைவேற்றியது. ஏறத்தாழ 200 கோடி ரூபாய்ச் செலவில் நூல்கள் அச்சாகியிருந்த நேரம் அது. ஜூலை 18இல் உயர் நீதிமன்றம் திருத்தத்தைச் செல்லாததாக்கியது. ஆகஸ்ட் 9இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பத்து நாள்களுக்குள் திட்டத்தைச் செயற்படுத்த ஆணையிட்டது. சட்டமன்றத்தின் திருத்தும் அதிகாரம் மறுக்கப்படவில்லை. ஆயினும் தள்ளிவைப்பு என்ற பெயரில் மூலச் சட்டத்தையே செயலற்றதாக்குவதும், முடிந்துபோன தீர்ப்பின் பயனை அழிப்பதும் ஏற்கப்படவில்லை. ஆட்சேபத்துக்குரிய பகுதிகள் இருப்பின் அவற்றை நீக்கலாமே தவிர, திட்டத்தையே நிறுத்தவேண்டியதில்லை என்பது இத்தீர்ப்பின் நடைமுறை வலிமை. அவ்வாறே சில பக்கங்களில் தாள் ஒட்டி மறைக்கப்பட்ட நூல்கள் வகுப்பறைக்கு வந்தன. அதுவரை, பள்ளி திறந்து ஏறத்தாழ இரண்டு மாதம், பெரும்பாலான மாணவர் கையில் பாடநூல் இல்லை. வழக்கின் வெற்றி தோல்வி பற்றிப் பேசியோர் இவ்விழப்பைப் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை.

2012இல் நான்கு வாரிய மாணவரும் பத்தாம் வகுப்பில் ஒரே பொதுத்தேர்வை எழுதினர். எனினும் நீதிமன்றத்தின் முன் இருந்தது திருத்தச் சட்டம் செல்லுமா என்ற வினா மட்டுமே. பள்ளிகளின் கட்டமைப்பு, ஆசிரியர்–மாணவர் விகிதம், பயிற்றுமொழி ஆகியவை தீர்ப்பின் எல்லைக்கு வெளியே நின்றன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகளும் இச்சட்டத்தின் வரம்பில் இல்லை. அடுத்த ஆண்டுகளில் மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பல அவ்வாரியத்தை நாடிச் சென்றன.