கோணல் சுவர்கள் யாருடையவை? ‘தி காபினெட் ஆஃப் டாக்டர் காலிகரி’ படத்தின் முடிவு குறித்து

ராபர்ட் வீனே இயக்கிய ‘தி காபினெட் ஆஃப் டாக்டர் காலிகரி’ (1920) படத்தின் கடைசி அங்கத்தைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் இரண்டில் ஒரு முடிவுக்கு வந்து சேர்கிறது. கதை சொல்லும் ஃபிரான்சிஸ் மனநோயாளி, ஆகவே நாம் பார்த்ததெல்லாம் அவன் விழித்தபடியே கண்ட கனவு என்பது ஒன்று. அதிகாரத்துக்கு எதிராக எழுதப்பட்ட கதையைத் தயாரிப்பாளர்கள் பைத்தியக்காரனின் பிதற்றலாக மாற்றி, அதன் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் எதிரெதிராகத் தோன்றினாலும் ஒரே நிலத்தில்தான் நிற்கின்றன. சாய்ந்த வீடுகள், வளைந்த சன்னல்கள், தரையில் தீட்டப்பட்ட ஒளிக்கீற்றுகள் எல்லாம் ஃபிரான்சிஸின் நோயுற்ற கண்ணுக்குத் தெரியும் உலகம் என்று இரு தரப்பும் ஏற்றுக்கொள்கின்றன. அந்த ஏற்புக்குப் படத்துக்குள் ஆதாரம் இல்லை என்பதே என் வாதம்.

இரண்டாவது முடிவுக்கு அடிப்படையான சான்று, கதாசிரியர்களில் ஒருவரான ஹான்ஸ் யானோவிட்ஸ் பின்னாளில் அமெரிக்காவில் இருந்தபோது எழுதிய நினைவுக்குறிப்பு. தாமும் கார்ல் மாயரும் எழுதிய கதையின்மேல், அதன் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் சட்டகக் கதை வலிந்து திணிக்கப்பட்டது என்கிறார் அவர். காலப்போக்கில் இக்கூற்று ஆய்வுலகில் ஏறத்தாழ வரலாறாகவே ஆகிவிட்டது. ஆனால் காலிகரியாக நடித்த வெர்னர் க்ராஸ் தம்மிடம் வைத்திருந்த திரைக்கதைப் பிரதி வெளிவந்தபின் நிலைமை மாறியது. அதிலும் ஒரு சட்டகம் இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து, ஃபிரான்சிஸ் தன் மனைவி ஜேனுடன் வீட்டு மேல்தளத்தில் அமர்ந்து விருந்தினர்களுக்குப் பழைய கதையைச் சொல்கிறான். அங்கே அவன் நோயாளி அல்ல, வசதியாக வாழ்பவன். ஆகவே சட்டகம் என்ற உத்தி வெளியிலிருந்து வந்தது என்ற கூற்று நிற்காது. அதன் உள்ளடக்கம் மாற்றப்பட்டது என்பது மட்டும் நிற்கும். இருபது ஆண்டுக்குப் பின் எழுதப்பட்ட நினைவைவிடப் படப்பிடிப்புக்கு முன் எழுதப்பட்ட தாளுக்கே எடை அதிகம் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. கோணல் அரங்குகளைப் பற்றி அந்தப் பிரதி எதுவும் சொல்லவில்லை. ஹெர்மன் வார்ம், வால்டர் ரைமன், வால்டர் ரோரிக் மூவரின் ஓவிய அரங்குகள் பின்னர் வந்தவை. ஆக, அந்தச் சுவர்களின் பொருளை எழுத்துப் பிரதியில் தேட முடியாது, திரையில்தான் தேட வேண்டும்.

திரையில் என்ன இருக்கிறது? கதை முடிந்து சட்டகத்துக்குத் திரும்பும்போது மனநோய் மருத்துவமனையின் முற்றம் தெரிகிறது. இதே முற்றத்துக்குத்தான் கதைக்குள் ஃபிரான்சிஸ் காலிகரியைத் தேடி வந்தான். தரையில் நடுவிலிருந்து விரியும் அதே கீற்றுகள், அதே வளைவுகள். கோணல் அவன் கண்ணின் கோணல் என்றால், அவன் வாய் மூடிய பின்பாவது முற்றம் நேராகியிருக்க வேண்டும். நேராகவில்லை. சிறையறையிலும் அப்படியே. கதையில் காலிகரி என்று தெரியவந்த மருத்துவமனை இயக்குநரின் கைகளைக் கட்டி எந்த அறையில் தள்ளினார்களோ, அதே அறையில்தான் முடிவில் ஃபிரான்சிஸைத் தள்ளுகிறார்கள்.

இதற்கு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. ஃபிரான்சிஸ் அங்கேயே அடைபட்டுக் கிடப்பவன். அன்றாடம் காணும் முற்றத்தையும் அறையையும் தன் கதைக்குள் இழுத்துக்கொண்டான். பகலில் பார்த்தது இரவுக் கனவில் வருவதில் வியப்பென்ன என்பார்கள். முற்றம் எப்படிக் கதைக்குள் வந்தது என்பதற்கு இது பொருத்தமான விளக்கம்தான். ஆனால் அந்த முற்றம் ஏன் கோணலாக இருக்கிறது என்பதற்கு இதில் பதில் இல்லை. கதைக்கு வெளியே அதைப் பார்ப்பது ஃபிரான்சிஸ் அல்ல, நாம். சிறிய படப்பிடிப்புக் கூடத்தில் செலவைக் குறைக்க ஒரே அரங்கை இருமுறை பயன்படுத்தினார்கள் என்ற மறுப்பும் சொல்லப்படுகிறது. இருக்கலாம். அரங்கு ஏன் மாறவில்லை என்பதற்குத்தான் அது காரணம் ஆகும், மாறாத அரங்கு பார்வையாளருக்கு என்ன சொல்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

என் வாதத்துக்கு இதைவிட உறுதியான பிடி வேறோரிடத்தில் கிடைக்கிறது. இல்லாததைக் காணும் மனத்தைக் காட்டப் படம் தனக்கென ஒரு குறியீட்டை வைத்திருக்கிறது. மருத்துவமனை இயக்குநர் உறங்கும் நேரத்தில் ஃபிரான்சிஸும் மூன்று மருத்துவர்களும் அவருடைய நாட்குறிப்பைப் புரட்டுகிறார்கள். நாட்குறிப்பு சொல்லும் காட்சியில், முன்பு வாழ்ந்த காலிகரி என்னும் ஒருவனின் வரலாற்றில் மூழ்கிய இயக்குநர் வெளியே ஓடிவருகிறார். அவரே காலிகரியாக மாற வேண்டும் என்ற கட்டளை சுவரிலும் மரக்கிளைகளுக்கிடையிலும் எழுத்தாகத் தோன்றுகிறது. அவர் அதை நோக்கிக் கையை நீட்டுகிறார். எழுத்துகள் மறைந்து வேறிடத்தில் முளைக்கின்றன. அவை அரங்கில் தீட்டப்பட்டவை அல்ல, படச்சுருளின்மேல் ஏற்றப்பட்டவை. இந்தக் காட்சியில் இரண்டு அடுக்குகள் தெளிவாகப் பிரிந்து கிடக்கின்றன. பித்து எழுத்தில் இருக்கிறது. கோணல் சுவர் அந்தப் பித்துக்கு முன்பே அங்கே நிற்கிறது, பித்து அதன்மேல் வந்து படிகிறது. சுவரே பித்தின் விளைவாக இருந்திருந்தால் எழுத்துக்குத் தேவையே இருந்திருக்காது.

அந்தக் காட்சியும் ஃபிரான்சிஸின் கதைக்குள்தானே வருகிறது என்று கேட்கலாம். வருகிறது. அதனால் வாதம் வலுப்படுகிறதே தவிரத் தளரவில்லை. பித்துப் பிடித்தவன் காண்பதையும் உலகில் உள்ளதையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த கதைசொல்லியாகவே அவன் நமக்குக் காட்டப்படுகிறான். கதையின் நடுவிலும் இதே கவனம் தெரிகிறது. சந்தைக் கூடாரத்தில் காலிகரி பெட்டியில் வைத்துக் காட்டும் தூக்கநடையன் செசாரே, ஜேனைத் தூக்கிச் செல்லும் இரவில் ஃபிரான்சிஸ் காலிகரியின் இருப்பிடத்தைக் கண்காணித்தபடி இருக்கிறான். பெட்டியில் படுத்திருப்பது செசாரே என்றே நம்புகிறான். தூக்கிச் சென்றவன் செசாரேதான் என்று ஜேன் சொல்லும்போது, தன் கண்ணால் கண்டதை வைத்து முதலில் மறுக்கிறான். பின் சிறைக்குப் போய்ச் கொலைச் சந்தேகத்தில் பிடிபட்ட கைதி உள்ளே இருக்கிறானா என்று பார்க்கிறான். கடைசியில் பெட்டியிலிருந்து வெளியே வருவது ஒரு பொம்மை. தான் கண்டது தவறு என்பதைத் தன் கதையிலேயே சேர்த்துச் சொல்பவன் அவன். சட்டகத்துக்குத் திரும்பிய பின் அவனைச் சுற்றி ஓர் எழுத்துகூடத் தோன்றுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இவற்றைக் கொண்டு ஃபிரான்சிஸ் தெளிந்த மனத்தினன் என்று நிறுவிவிட முடியாது. முற்றத்தில் செசாரே உயிரோடு பூவை ஏந்தி நிற்கிறான். ஜேன் தன்னை அரசியாக எண்ணிக்கொண்டு ஃபிரான்சிஸை ஒதுக்குகிறாள். இவை அவன் கதையை நேரடியாகப் பொய்யாக்குகின்றன. இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 2014இல் வெளியான மறுசீரமைப்புக்கு மூலப் படச்சுருள் பயன்பட்டாலும், அதில் முதல் அங்கம் இல்லை. தொடக்கச் சட்டகத்தைப் பின்வந்த பிரதிகள் வழியாகத்தான் அறிகிறோம். ஃபிரான்சிஸ் கதை சொல்லத் தொடங்கும் அந்தத் தோட்டக் காட்சியில் கோணல் குறைவு என்பதை வைத்து வாதிடுவோர் இதை மறக்கக் கூடாது. கோணல் அங்கே குறைகிறதே ஒழிய இல்லாமல் போகவில்லை.

முடிவில் மிஞ்சுவது இயக்குநரின் முகம். கட்டப்பட்டுக் கிடக்கும் ஃபிரான்சிஸைச் சோதிக்க அவர் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார். அந்தக் கணத்தில் அவர் சந்தைக் கூடாரத்துக் காலிகரியாகவே தெரிகிறார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இவன் என்னைக் காலிகரி என்று நம்புகிறான், இவனைக் குணமாக்கும் வழி இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது என்கிறார். இதைக் கருணையின் சொல்லாகப் படிப்பவர்கள் நாட்குறிப்பை மறந்துவிடுகிறார்கள். தூக்கத்தில் நடக்கும் நோயாளி ஒருவன் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோதும் இதே முகம்தான் மகிழ்ந்தது. நெடுநாள் தேடிய கேள்விக்கு விடை காண ஓர் உடல் கையில் கிடைத்துவிட்டது என்பதுதான் அன்றைய மகிழ்ச்சி. இரண்டிலும் நோயாளியால் பேச முடிவதில்லை, மருத்துவருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. இரண்டையும் நடித்தவர் க்ராஸ் ஒருவரே என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. உடையையும் பாவனையையும் மாற்றிய படக்குழு, கண்ணாடியை மட்டும் மீண்டும் எடுத்து மாட்ட வைத்திருக்கிறது.

ஃபிரான்சிஸ் நோயாளி என்று இனியும் வாதிட விரும்புவோர் அதைத் தாராளமாகச் செய்யலாம். செசாரேயும் ஜேனும் அவர்களுக்குச் சான்றாக இருக்கிறார்கள். கோணல் சுவர்களைச் சாட்சிக்கு அழைக்காமல் அதை நிறுவ வேண்டும், அந்தக் கண்ணாடிக்கும் ஒரு விளக்கம் தர வேண்டும். இதுவரை வந்த வாசிப்புகளில் இந்த இரண்டையும் ஒருசேரச் செய்த ஒன்றை நான் கண்டதில்லை.