விக்ரமுக்கு விடியாத இரவு

சித்திரை வெயிலில் காய்ந்த பெருமுக்கல் மலைப்பாறையில் பொழுது சாய்ந்ததும் உட்கார்ந்து பாருங்கள். காற்று ஆறியிருக்கும், பாறை மட்டும் இன்னும் சுடும். இந்த வித்தியாசம் போதும், கொஞ்சம் மின்சாரம் எடுத்துவிடலாம்!

1821-ல் ஜெர்மானியர் தாமஸ் ஸீபெக் இரண்டு வேறு உலோகங்களை வளையமாகச் சேர்த்து, ஒரு இணைப்பை மட்டும் சூடாக்கினார். பக்கத்தில் இருந்த காந்த ஊசி அசைந்தது. அவர் அதைக் காந்தம் என்றே நினைத்தார். மின்னோட்டம் என்று விளக்கியவர் எர்ஸ்டெட். 1834-ல் பிரான்சின் பெல்டியர் கண்டது இதற்குத் தலைகீழ். மின்சாரம் செலுத்தினால் ஒரு இணைப்பு குளிர்ந்தது. காரில் வைக்கும் குட்டி ஃபிரிட்ஜ் பலவற்றில் இருப்பது இதுதான். கம்ப்ரசர் கிடையாது. 2019-ல் போன சந்திரயான்-2 ஆர்பிட்டரில் சூரியனின் எக்ஸ் கதிரை அளக்கும் உணரியைச் சுமார் மைனஸ் 35 டிகிரியில் வைத்திருந்ததும் ஒரு சின்ன பெல்டியர் சில்லுதான்.

குளிர வைத்த கதை சரி. சூடு தேவைப்பட்ட இடத்தில்?

2023 ஆகஸ்ட் 23. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3-ன் விக்ரம் லேண்டர் நிலாவில் இறங்கியது. செப்டம்பர் 4-ல் அதைத் தூங்க வைத்தார்கள். நிலாவில் ஒரு ராத்திரி என்பது நமக்குப் பதினான்கு நாள். விக்ரமுக்கு இருந்ததோ சூரியத் தகடு மட்டும். விடிந்த பிறகு 22-ம் தேதி கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை.

இத்தனைக்கும், 1969 நவம்பரில் அப்பல்லோ 12 வீரர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த மின்பெட்டி 1977-ல் கருவிகளைப் பூமியிலிருந்து அணைக்கும்வரை ஓடியது. உள்ளே புளூட்டோனியத்தின் சூடு, வெளியே நிலாவின் குளிர், நடுவில் ஸீபெக்கின் இணைப்புகள். அவ்வளவுதான்.

இந்தப் பெட்டியால் இந்தியாவுக்கு ஒரு கசப்பான அனுபவமும் உண்டு. சீனாவின் அணு ஆயுதச் சோதனைகளை வேவு பார்க்க 1965-ல் சி.ஐ.ஏ.வும் நம் உளவுத்துறையும் சேர்ந்து நந்தாதேவி மலைக்கு ஒன்றைத் தூக்கிப் போனார்கள். பனிப்புயல் வந்ததும் வழியிலேயே கட்டி வைத்துவிட்டு இறங்கினார்கள். 1966-ல் போய்ப் பார்த்தால் காணோம். இன்றுவரை கிடைக்கவில்லை.....

சந்திரயான்-3-லும் அணுச்சூடு போனது. பாபா அணு ஆராய்ச்சி மையம் செய்த, ஒரு வாட் சூடு தரும் இரண்டு சிறு கருவிகள். மின்சாரம் தராது, கதகதப்பு மட்டும். ஆனால் அவை இருந்தது நிலாவைச் சுற்றிய உந்துகலப் பகுதியில், விக்ரமில் அல்ல. பதினான்கு நாள் வேலைக்கென்றே செய்த லேண்டரைக் குறை சொல்வது நியாயமில்லைதான். உந்துகலப் பகுதியை அந்த ஆண்டு முடிவதற்குள் பூமியின் சுற்றுப்பாதைக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். விக்ரம் இறங்கிய இடத்திலேயே இருக்கிறது.